வட்டியில்லா வங்கியியல்: கடை முந்தியது, கல்வி பிந்தியது

கொழும்பின் பண வரலாற்றை எழுதப் புகுவோர் செட்டியார் தெருவிலிருந்து தொடங்குவது வழக்கம். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாக நீளும் அந்தத் தெரு இன்று நகைக்கடைகளாலும் அடகுக்கடைகளாலும் அறியப்படுகின்றது. ஆடிவேல் விழாவின்போது அங்குள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்வதைக் கண்டவர்கள், அவ்விழாவை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒரு காலத்தில் இலங்கை வணிகத்தின் கடன் வாயிலாக விளங்கியவர்கள் என்பதை மறந்திருக்கலாம். ஆங்கிலேயரின் வங்கிகள் சுதேச வணிகர்களுக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. அவ்வங்கிகள் சிறாப்பரின் பிணையில் செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் அதைக் கடைக்காரருக்கும் தோட்டச் சொந்தக்காரருக்கும் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தனர். நடப்பு வட்டி, தவணை வட்டி என்று அவர்களுடைய கணக்கேடுகளில் வட்டிக்கே பல பெயர்கள் இருந்தன.

1925ஆம் ஆண்டளவில் இந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது. வங்கிகள் செட்டியார்களுக்கான கடனை இறுக்கவே, அவர்களை நம்பியிருந்த சுதேச வணிகமும் தவித்தது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கனவாலா தலைமையில் அமைந்த இலங்கை வங்கியியல் ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்து அரச ஆதரவுடைய வங்கி ஒன்று தேவை என்றது. அதன் விளைவாக 1939 ஓகஸ்ட் 1ஆந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் கொழும்பு முஸ்லிம் வணிகர்களின் இடம் சற்று விசித்திரமானது. வணிகம் அவர்களுடைய பாரம்பரியத் தொழில். கடனின்றி வணிகம் இல்லை. வட்டியோ அவர்களுடைய மார்க்கத்தில் விலக்கப்பட்டது. எனவே தேவைக்காக வட்டிக்குக் கடன்பட்டோரும் இருந்தனர். தமது வைப்புக்கு வந்த வட்டியைத் தொடாமல் விட்டோரும், எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோரும் இருந்தனர். இந்த இரண்டுங்கெட்ட நிலைக்கு ஒரு நிறுவன வடிவிலான விடை கொழும்பில் பிறக்க 1997ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடையை முறையாகக் கற்கும் கல்வி அதற்கும் பின்னரே வந்தது. இந்த வரிசை மாற்றத்துக்கு நாம் ஒரு விலை கொடுத்தோம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கும் பழைய கேள்வி

இஸ்லாமிய வங்கியியல் என்றதும் முஸ்லிமல்லாத தமிழ் வாசகர்கள் இது தமக்குத் தொடர்பற்ற விடயம் என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற எண்ணம் பல சமூகங்களுக்குப் பொதுவானது. வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்பது இந்து தர்மசாத்திர மரபில் 'தாம்துபட்' என்ற விதியாக நிலவியது. ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்திலும் இதே விதி உண்டு.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையையும் பாருங்கள். ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த அந்தச் சட்டக்கோவையில் ஒற்றி ஈடு பற்றிப் பேசப்படுகின்றது. கடன் கொடுத்தவர் காணியை ஆட்சிப்படுத்தி, அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். முதல் திருப்பிக் கொடுக்கப்படும்போது காணி மீளும். இங்கு வட்டி என்ற சொல் இல்லை, ஆனால் பயன் இருக்கின்றது. இஸ்லாமிய சட்டத்துறை கேட்கும் கேள்வியும் இதுவே: ஈடாகப் பெற்ற பொருளின் பயனைக் கடன் கொடுத்தவர் அனுபவித்தால் அது வட்டியாகாதா? ஆகும் என்பதே பெரும்பான்மைச் சட்டவறிஞர்களின் கருத்து. எனினும், விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பொருளை மீட்கலாம் என்ற நிபந்தனையுடைய விற்பனையாக இதை மாற்றியமைக்கும் வழக்கம் முஸ்லிம் நாடுகளிலும் இருந்தது. மலாய்த் தீபகற்பத்தில் அதற்கு 'ஜுவல் ஜஞ்சி' என்று பெயர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், ஏன் ரொறன்ரோவிலும் இலண்டனிலும்கூட, நம்மவர்கள் பிடிக்கும் சீட்டு இன்னோர் உதாரணம். இருபது பேர் மாதம் பத்தாயிரம் ரூபா வீதம் போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தவர் இரண்டு இலட்சத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டால், அது ஒருவருக்கொருவர் வட்டியின்றிக் கொடுக்கும் கடன். அதையே ஏலச்சீட்டாக்கி, அவசரக்காரர் முப்பதாயிரம் ரூபா கழிவு கூறி எடுத்து, அந்தக் கழிவை ஏனையோர் பங்கிட்டால் கதை வேறு. பணத்தை முந்திப் பெற்றவர் காலத்துக்கு ஒரு விலை கொடுக்கின்றார். பிந்திப் பெறுபவர் அந்த விலையை வாங்குகின்றார். முதலாவதை ஏற்பதும் இரண்டாவதை மறுப்பதும் ஏன் என்று விளங்கிக்கொண்டவர், இஸ்லாமிய நிதியியலின் முதற் பாடத்தைப் படித்துவிட்டார் எனலாம்.

நைல் நதிக்கரையிலிருந்து கோலாலம்பூர் வரை

நவீன காலத்தில் இதற்கு வங்கி உருவம் கொடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் தொடங்கியது. ஜேர்மனியில் கல்வி கற்ற அஹ்மத் அந்-நஜ்ஜார் அங்குள்ள சேமிப்பு வங்கிகளைப் பார்த்து, அம்முறையை வட்டியின்றி எகிப்திய விவசாயிகளுக்காக அமைத்தார். சில ஆண்டுகளில் அது முடிவுக்கு வந்தது. அதே 1963இல் மலாயாவில், ஹஜ் பயணத்துக்குச் சேமிப்போருக்கான நிதியம் தொடங்கிற்று. பொருளியலாளர் உங்கு அசீஸ் 1959இல் முன்வைத்த யோசனையின் விளைவு அது. பின்னர் 1975இல் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும் துபாய் இஸ்லாமிய வங்கியும் செயற்படத் தொடங்கின. 1983இல் மலேசியா தனிச்சட்டம் இயற்றி பேங்க் இஸ்லாமை நிறுவியது.

இவ்வளர்ச்சியில் மலேசியாவை ஏனைய நாடுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, அங்கு நிறுவனமும் சட்டமும் கல்வியும் ஒன்றையொன்று அதிகம் பிந்தாமல் வந்தமைதான். பேங்க் இஸ்லாம் பிறந்த அதே 1983இல் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் அங்கு பிறந்தது. இஸ்லாமிய நிதியியலைப் பட்டப்பின்படிப்பு மட்டத்தில் மாத்திரம் கற்பிப்பதற்கென 'இன்சீஃப்' என்ற தனி நிறுவனத்தை மலேசிய மத்திய வங்கியே 2005இல் நிறுவியது. தான் மேற்பார்வை செய்யும் துறைக்கு ஆட்களைப் பயிற்றும் பொறுப்பை ஒரு மத்திய வங்கி தன் தலையில் போட்டுக்கொண்டது கவனிக்கத்தக்கது.

கொழும்பில் நடந்தது

கொழும்பில் வரிசை வேறாக அமைந்தது. 1997இல் அமானா இன்வெஸ்ட்மென்ட்ஸ் தொடங்கப்பட்டபோது, வட்டியின்றி இயங்கும் வங்கிக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கியியல் சட்டம், வைப்பு என்றால் வட்டி தரும் வைப்பு, கடன் என்றால் வட்டி பெறும் கடன் என்ற உலகத்துக்காக எழுதப்பட்டது. ஆகவே அந்நிறுவனம் வங்கி என்ற பெயரின்றியே இயங்கியது. 1999இல் அதன் வழியில் தகாபுல் என்ற பரஸ்பரக் காப்புறுதி வந்தது. இலாபநட்டப் பங்கீட்டு அடிப்படையில் பணம் ஏற்கவும் முதலிடவும் வங்கிகளுக்கு இடமளிக்கும் திருத்தம் 2005ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே வந்தது. அதன்பின் நிதிக் கம்பனிகளும் வழமையான வங்கிகளும் இதற்கெனத் தனிப்பிரிவுகளைத் திறந்தன. 2011 ஓகஸ்ட் 1ஆந் திகதி அமானா வங்கி முழுமையான வர்த்தக வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. இலங்கை வங்கி திறக்கப்பட்டதும் ஓர் ஓகஸ்ட் முதலாந் திகதியே என்பது தற்செயலான ஒற்றுமை.

இந்த ஏறுமுக வரலாற்றின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. 2008 டிசம்பரில் செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ நிறுவனம் சரிந்தது. அச்சத்தால் குழுமத்தின் ஏனைய நிதி நிறுவனங்களிலிருந்தும் மக்கள் பணத்தை மீட்க விரைந்தனர். இலாபப் பங்கீட்டு முறையில் பணம் திரட்டியிருந்த செலிங்கோ புரொஃபிட் ஷெயாரிங் நிறுவனமும் அந்தச் சுழலில் அகப்பட்டது. வட்டியை விலக்கி வாழ விரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் பல, தமது சேமிப்பைத் திருப்பிக் கேட்டு நீண்ட காலம் அலைய நேர்ந்தது.

இங்கே சட்டத்தின் வழி ஒரு கேள்வி எழுகின்றது. முழாரபா என்னும் ஒப்பந்தத்தில் ஒருவர் முதல் தருகின்றார், மற்றவர் உழைப்பைத் தருகின்றார். இலாபம் முன்னரே பேசிய விகிதத்தில் பிரியும். நட்டமோ, முகாமை செய்தவரின் கவனயீனமோ ஒப்பந்த மீறலோ இல்லாதவரை, முதல் தந்தவரையே சாரும். ஆகவே வங்கியில் வட்டிக்குப் பணம் வைப்பவரும் முழாரபாவில் பணம் இடுபவரும் ஒரே நிலையில் இல்லை. முன்னவர் கடன் கொடுத்தவர்; பின்னவர் பங்காளி. பங்காளிக்குக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. எந்த வணிகத்தில் பணம் போடப்பட்டது, அதே குழுமத்தின் வேறு கம்பனிகளுக்குப் போனதா, இலாபம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேட்கலாம் என்பதே தெரியாமல் எத்தனை பேர் 'வட்டியில்லை' என்ற ஒரு சொல்லை நம்பிக் கையொப்பமிட்டிருப்பார்கள்? கேட்கத் தெரிந்தவர்கள் சமூகத்திலும், பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நிறுவனங்களிலும், இரு பக்கத்தையும் மேற்பார்க்கத் தெரிந்தவர்கள் மத்திய வங்கியிலும் போதிய அளவில் இருக்க வேண்டும். அதற்குத்தான் உயர்கல்வி.

இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நட்டத்தையும் பங்கிடுவேன் என்று ஒப்புக்கொண்டவருடைய பணத்துக்குக் காப்புறுதி பொருந்துமா என்பது அதன் துணைக்கேள்வி. மலேசியா 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச்சேவைச் சட்டத்தில் இதற்கு விடை கண்டது. முதல் திரும்பும் என்ற உறுதியுடையது வைப்பு, உறுதியற்றது முதலீட்டுக் கணக்கு என்று இரண்டையும் வெட்டிப் பிரித்து, வாடிக்கையாளருக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும் என்றது.

மாணவர் என்ன கற்கின்றார்?

இத்துறையில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிப்பவர் மார்க்கக் கல்வி மாத்திரம் கற்பதாக எண்ணுவது தவறு. கொடுக்கல் வாங்கல் சார்ந்த இஸ்லாமிய சட்டம், கணக்கியல், நாட்டின் வணிகச் சட்டம், இடர் முகாமை ஆகிய நான்கும் அவருக்கு வேண்டும். கணக்கியல் நியமங்களுக்கு 1991இல் பஹ்ரைனில் பதிவான 'அயோஃபி' அமைப்பையும், மேற்பார்வை நியமங்களுக்கு 2002இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட இஸ்லாமிய நிதிச்சேவைகள் சபையையும் அவர் பின்தொடர்கின்றார்.

மிகப் பரவலாகக் கையாளப்படும் முராபஹாவை எடுத்துக்கொள்வோம். அச்சகம் நடத்தும் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான இயந்திரம் தேவை. வங்கி அவருக்குப் பணம் கொடுப்பதில்லை. இயந்திரத்தைத் தானே வாங்கி, வாங்கிய விலையையும் தன் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, ஐந்தே முக்கால் இலட்சத்துக்குத் தவணை முறையில் விற்கின்றது. பதினைந்து வீத வட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் அநேகர். கேள்வி நியாயமானது. விடை, வங்கி அந்த இயந்திரத்தை உண்மையாகவே வாங்கியதா என்பதில் தங்கியிருக்கின்றது. வங்கியின் கையிலிருக்கும்போது இயந்திரம் பழுதுபட்டால் நட்டம் வங்கிக்கே. விற்றபின் விலையைக் கூட்ட முடியாது. தவணை தப்பினால் அறவிடும் தண்டப்பணத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்காமல் தருமத்துக்குக் கொடுக்க வேண்டும். இவை கடைப்பிடிக்கப்பட்டால் அது வணிகம். கடதாசியில் மாத்திரம் வாங்கி விற்றால் அது வேடம் போட்ட வட்டி.

இந்த வேடத்தைப் பற்றிய கடுமையான விமர்சனம் துறைக்குள்ளிருந்தே எழுந்தது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். அயோஃபியின் ஷரீஆ சபைத் தலைவராயிருந்த முஃப்தி தகி உஸ்மானி, சந்தையிலுள்ள சுக்கூக் எனப்படும் இஸ்லாமியப் பிணைமுறிகளுள் ஏறத்தாழ 85 வீதமானவை விதிகளுக்கு ஒவ்வாதவை என்று 2007இல் கூறியபோது வளைகுடாச் சந்தை அதிர்ந்தது. பொருளைத் தவணைக்கு வாங்கி உடனே ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறும் 'தவர்ருக்' முறையை வங்கிகள் திட்டமிட்டு நடத்துவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய சட்டப் பேரவை 2009இல் தீர்மானித்தது. 2017இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் டானா காஸ் கம்பனி, தான் வெளியிட்ட சுக்கூக்கே ஷரீஆவுக்கு முரணானது என்று கூறிக் கொடுப்பனவைத் தவிர்க்க முயன்று, இலண்டன் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. இவற்றையெல்லாம் அலசுவதே பட்டப்பின்படிப்பின் உயிர்நாடி.

இலங்கை மாணவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் மலேசியரைப் போன்று ஷாஃபி மரபைச் சார்ந்தவர்கள். ஆனால் தகி உஸ்மானி முதலான பாகிஸ்தானிய ஹனபி அறிஞர்களின் நூல்கள் இத்துறையில் பெருஞ்செல்வாக்குடையவை. ஒரு பொருளை விற்று அதையே மீள வாங்கும் 'ஈனா' முறையை ஷாஃபி மரபின் துணைகொண்டு மலேசியா அனுமதித்தது. வளைகுடா நாடுகள் மறுத்தன. கொழும்பு எப்பக்கம் நிற்பது? மாணவர் இரு தரப்பையும் படித்தே விடை தேட வேண்டியவராகின்றார்.

எங்கே, எந்த மொழியில்?

மாணிக்க வணிகர் நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் இணைத்துத் தந்த முன்னோடி. ஒலுவிலில் அமைந்துள்ளதும், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமானதுமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் ஒருபுறமும் முகாமைத்துவ, வர்த்தக பீடம் மறுபுறமும் இருக்கின்றன. பட்டப்பின்படிப்புக்குக் கோலாலம்பூரையும் இஸ்லாமாபாத்தையும் நாடுவோர் உளர். இங்கிலாந்தில் லெஸ்டருக்கு அருகே 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மார்க்ஃபீல்ட் உயர்கல்வி நிறுவனமும், டர்ஹம் பல்கலைக்கழகமும் இத்துறையில் பெயர்பெற்றவை. வேலையிலிருந்தபடி படிக்க விரும்பும் கணக்காளர்களுக்கு, முகாமைக் கணக்காளர்களின் பட்டய நிறுவனமான சீமா 2007இல் ஆரம்பித்த சான்றிதழ் வாய்ப்பாக அமைந்தது.

ஆயினும் மொழிச்சிக்கல் தீரவில்லை. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். மூல நூல்கள் அரபியில், பாடநூல்கள் ஆங்கிலத்தில், வாடிக்கையாளரோ தமிழில். மூன்றுக்கும் இடையில் நின்று விளக்க வேண்டியவர் வங்கிக் கவுண்டரில் இருக்கும் இளைஞர். முராபஹா, முஷாரகா, இஜாரா என்ற சொற்களை அப்படியே சொல்லிவிட்டால் விளக்கியதாகாது. அடக்கவிலை சொல்லி விற்றல், கூட்டுமுதல், குத்தகை என்று தமிழில் சொன்னால், கேட்பவர் எதிர்க்கேள்வி கேட்பார். எதிர்க்கேள்வி கேட்கும் வாடிக்கையாளரே இத்துறைக்குச் சிறந்த கணக்காய்வாளர்.

தமிழகத்து வாசகர்களுக்கும் இதில் அக்கறை இருக்க நியாயமுண்டு. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் இந்தியாவில் வட்டியில்லா வங்கியியலுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. ரிசேர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்திருப்பது 2017இல் தெரியவந்தது. ஆகவே தமிழ் பேசும் வாடிக்கையாளரிடம் இம்முறை வங்கி எவ்வாறு இயங்குகின்றது என்று ஆராய விரும்பும் சென்னை மாணவருக்குக் கொழும்பே அண்மைக் களம்.

இரு சோதனைகள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர், ஷரீஆ என்ற சொல்லே இந்நாட்டில் ஐயத்துக்குரியதாயிற்று. சட்டத்தின் கீழ் அனுமதிபெற்று, மத்திய வங்கியின் மேற்பார்வையில் நடக்கும் விற்பனை ஒப்பந்தங்களும் அந்த ஐயத்தின் நிழலில் விழுந்தன. அறியாமை முதலில் வைப்பாளர்களைப் பாதித்தது போல, இம்முறை அயலவர்களின் அறியாமை ஒரு சமூகத்தைப் பாதித்தது. அமானா வங்கி தன்னை வட்டிசாரா வங்கி என்று அறிமுகப்படுத்திக்கொள்வது, முஸ்லிமல்லாத வாடிக்கையாளருக்கும் விளங்கும் பெயராக அமைகின்றது.

இரண்டாவது சோதனை 2022இல் வந்தது. ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்திற்று. நான்கு நாட்களின் பின் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. முராபஹாவில் முன்னரே விலை பேசி வாங்கியவருக்கு அந்த விலை கூடவில்லை. மாறும் வட்டியில் கடன்பட்டவரின் தவணையோ உயர்ந்தது. மறுபுறம், நண்பருக்கு வட்டியின்றி ஓர் இலட்சம் கொடுத்தவர் ஓர் ஆண்டின் பின் அதே இலட்சத்தைப் பெற்றபோது, அதனால் வாங்கக்கூடிய அரிசி வெகுவாகக் குறைந்திருந்தது. கடனைப் பணத்தின் எண்ணிக்கைப்படியே திருப்ப வேண்டும், விலைவாசியோடு இணைக்கக்கூடாது என்று இஸ்லாமிய சட்டப் பேரவை 1988இல் தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானம் எழுபது வீதப் பணவீக்கத்தில் கடன் கொடுத்தவருக்கு நீதியாகுமா? இலங்கையின் முதுமாணி மாணவர் ஒருவர் எழுதத்தக்க ஆய்வுத் தலைப்பு இதைவிட வேறென்ன வேண்டும்! கோலாலம்பூரிலோ துபாயிலோ கிட்டாத அனுபவம் அவருடைய சொந்த வீட்டிலேயே கிடக்கின்றது.

செட்டியார் தெருவில் கடன் வாங்கியவர்களுக்குத் தாம் செலுத்தும் வட்டி எவ்வளவு என்றாவது தெரிந்திருந்தது. வட்டியில்லை என்று சொல்லிப் பணம் பெறும் நிறுவனம், அதற்குப் பதிலாக என்ன இருக்கின்றது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. அதைக் கேட்டு விளங்கும் ஆற்றல் பொதுமக்களுக்கு வேண்டும். அதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். வெளிநாடு சென்று இத்துறையில் முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்றுத் திரும்புவோர், தமது ஆய்வின் சாரத்தைத் தாய்மொழியில் நூறு பக்கங்களிலேனும் எழுதி வைத்தால், அடுத்த முறை யாரேனும் இலாபப் பங்கீடு என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டும்போது, கையொப்பமிடுமுன் நம்மவர் நாலு கேள்வி கேட்பார்கள்.